உதிலை என்றால் எதிலை

ஒருவரும் கேட்கக் கூடாத கேள்வியை எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நாள் தவறாமல் கேட்பார். லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி ஒன்றுதான். நான் வேலைக்கு வெளிக்கிட்டு முன்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் வேலிக்கு மேலே அவருடைய தலை தெரியும்.

“தம்பி, எங்கை போறீர்?”

புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்பது எங்கள் சனத்துக்குச் சகுனப் பிழை. போகிற காரியம் சரிவராது என்பார்கள். யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் திரும்ப உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, கதிரையில் சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். கேட்டே ஆகவேண்டும் என்றாலும் ‘தூரமோ?’ என்று ஒதுங்கிக் கேட்பதுதான் மரியாதை. அக்காவுக்கு அந்த மரியாதையெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

என் மனைவி வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் போன காலையிலும் கேட்டார். மனைவி உள்ளே திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, இருந்து எழும்பிப் போவதற்குள் பஸ் போய்விட்டது. வேலை கிடைக்கவில்லை. பஸ் தவறியதால் கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன். கேட்டதால்தான் பஸ் தவறியது என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு முக்கியமான காரியம் எதற்கும் அவள் முன்வாசலால் போவதில்லை. குப்பைத் தொட்டிகள் நிற்கிற பின் ஒழுங்கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவாள்.

இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். “உதிலை.” உந்தப் பக்கம், பக்கத்தில்தான், சும்மா போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், என்று அர்த்தம். விமானம் ஏறிக் கனடாவுக்குப் போகிறவனும் உதிலை என்றுதான் சொல்லுவான். கேட்டவருக்கும் மனம் நோகாது, போகிற காரியமும் வெளியே வராது. ஆனால் அக்காவிடம் அந்தச் சொல் செல்லாது. முகம் சட்டென்று வெளிறிவிடும்.

“உதிலை எண்டால் எதிலை? வடிவாச் சொல்லும்.”

எந்த இடம், எந்த வழியால், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சொல்லி முடிக்கும் வரை வேலியை விட்டு நகர மாட்டார். ஊர்வம்பு அறிகிற விடுப்பு என்றுதான் தெரு முழுக்க நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விடுப்புக் கேட்கிறவர்கள் கேட்டதை நாலு பேருக்குச் சொல்லுவார்கள். அக்கா ஒருவருக்கும் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஜன்னல் திரையை விலக்கி நாங்கள் வந்துவிட்டோமா என்று பார்ப்பார். வந்திருந்தால் திரை மூடும்.

அவர் நோர்வேயில் இருந்து லண்டனுக்கு வந்தவர். தனியாக இருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று கோயிலில் ஒரு கதை இருந்தது. அவர் அதை மறுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை.

குளிர்காலம் வந்தால் அவருடைய பயம் இரண்டு மடங்காகிவிடும். விடிவதற்கு முன்பே எழும்பி, பிளாஸ்ரிக் பேசின் நிறைய உப்போடு வந்து, நடைபாதையில் உறைபனி படிந்த இடமெல்லாம், அது உருகி வழுக்காமல் இருக்க, எறிவார். தன் வாசலோடு நிறுத்தினால் பரவாயில்லை. எங்கள் வாசல், எதிர் வாசல், மூலை வீட்டு வாசல் என்று எறிந்துகொண்டே போவார். முதல் வருடம் காலையில் கதவைத் திறந்த என் மனைவி, வாசற்படியில் உப்பு கொட்டிக் கிடந்ததைக் கண்டு அலறிவிட்டாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அன்றைக்கே எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வெட்டிப் போட்டாள். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் எலுமிச்சம்பழம் வெட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உண்மை தெரிந்தபோது சண்டைக்குப் போனவளிடம் அக்கா சொன்னது ஒன்றுதான்.

“விழுந்தால் எலும்பு முறியும், பிள்ளை. செய்வினையை எலுமிச்சங்காய் வெட்டும். ஐஸை வெட்டாது.”

அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குள் நடைக் குழு ஒன்று தொடங்கியிருந்தது. எல்லாருக்கும் சீனி வருத்தம், நீரிழிவு, வரத் தொடங்கியதுதான் காரணம். அதற்குத் தலைவர் சுவிஸ் அண்ணை. சுவிற்சர்லாந்தில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து தரைக்கு மாபிள் பதிக்கும் தொழில் செய்தவர். அங்கே பார்த்த மலைகளைப் பற்றிப் பேசினால் ஓய மாட்டார். முதலில் பூங்காவைச் சுற்றி நடந்தோம். பிறகு மினிபஸ் பிடித்து வேல்ஸ் மலைகளுக்குப் போகத் தொடங்கினோம். அதுவும் மாரிகாலத்தில். “வெயிலுக்கை எவனும் ஏறுவான். குளிருக்கை ஏறினால்தான் சீனி இறங்கும்” என்பது அண்ணையின் மருத்துவம்.

அக்காவும் பெயர் கொடுத்தார். ஆனால் ஒரு நாளும் மலை ஏறவில்லை. விடியக்காலையில் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து மினிபஸ்ஸில் எல்லாருக்கும் முதல் ஏறி இருப்பார். மலையடிவாரத்துக் கார் பார்க்கில் நாங்கள் இறங்கும்போது கதவடியில் நின்று ஒவ்வொருவரையும் மறித்து எங்கை போறீர் என்று கேட்பார். சிலர் அந்த இடத்திலேயே தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துக்கொள்வார்கள். பிறகு அவர் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக்குள்ளால் மலையைப் பார்த்தபடி இருப்பார். கடைசி ஆள் இறங்கி வரும் வரை சாப்பாட்டுப் பையை அவிழ்க்க மாட்டார். பசியோடு முதலில் வந்தவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அவிழ்க்க மாட்டார். மலையைப் பார்க்கும்போது அவர் கண் இமைப்பது குறைவு. ஒருநாள் எதையோ மறந்துவிட்டு இடையில் திரும்பி வந்த நான் அந்த முகத்தைப் பார்த்தேன். எதிரே நிற்கிற நாயை விட்டுக் கண்ணை எடுக்கப் பயந்தவர் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த ஜனவரிச் சனிக்கிழமை.

என் மனைவியின் தம்பி தவம் முதல் முறையாக எங்களோடு வந்திருந்தான். வடக்கு லண்டன் எட்மண்டனில் டயர் கடை வைத்திருக்கிறவன். உடற்பயிற்சிக்குப் போடுகிற மெல்லிய சப்பாத்தோடு வந்திறங்கினான். மேலே உள்ள ஏரி வரை அகலப் பாதையால் போவது, அதற்கு அப்பால் ஒருவரும் போகக் கூடாது, இரண்டு மணிக்குத் திரும்ப இங்கே நிற்க வேண்டும் என்று சுவிஸ் அண்ணை சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். தவம் கழிப்பறைக்குப் போனவன் வரத் தாமதமாகியது. அவனுக்காக நான் நின்றேன். அவன் வந்தபோது குழு பாதையின் வளைவில் மறைந்துவிட்டது.

தவம் இடப்பக்கமாக மேலே ஏறுகிற ஒரு கல்மதிலைக் காட்டினான். அதன் ஓரமாக ஆடுகள் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிந்தது. “அத்தான், இப்பிடியே ஏறினால் அவையளுக்கு முன்னாலை போய் நிக்கலாம்” என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மினிபஸ் கதவு திறந்தது.

“ரெண்டு பேரும் எங்கை போறியள்?”

“உதிலை தான் அக்கா” என்றான் தவம்.

“உதிலை எண்டால் எதிலை?”

அவன் சிரித்துக்கொண்டு நடந்தான். நான் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். பின்னால் அவர் இன்னொரு தரம் கேட்டார். “வெளிக்கிடேக்கையே கேட்டிட்டா. இனி விளங்கினமாதிரித்தான்” என்று தவம் முணுமுணுத்தான்.

மதில் ஓரம் ஏறுவது முதலில் சுகமாக இருந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் நொறுங்கியது. மேலே ஓரிடத்தில் மதில் இடிந்து கிடந்தது. பாதை அந்த இடிவுக்குள்ளால் புகுந்து வலப்பக்கம் திரும்பி, மலைச்சரிவின் குறுக்கே போனது. அகலப் பாதை எங்கோ கீழே மேகத்துக்குள் போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன். திரும்பிப் போவோம் என்று சொல்ல நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று சொல்லவில்லை.

மலையில் இருந்து வடிந்த தண்ணீர் பாதையின் குறுக்கே அப்படியே உறைந்திருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லும் புல்லும் தெளிவாகத் தெரிந்தன. அதனால் தவம் அதை ஐஸ் என்று நினைக்கவில்லை, ஈரம் என்று நினைத்தான். கால் வைத்தான். கத்தக்கூட இல்லை. இருந்த இருப்பில் சறுக்கிக்கொண்டு, கையை விரித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டே கீழே போனான். மேகம் அவனை மூடிய பிறகுதான் எங்கோ கல்லில் மோதுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவன் கத்தினான்.

கத்தியது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அவனிடம் இறங்கப் பார்த்தேன். இரண்டடி வைத்ததும் என் கால்களும் போய்விட்டன. குப்புற விழுந்து சறுக்கி, ஏதோ ஒரு பற்றைச் செடியின் வேரைப் பிடித்து நின்றேன். முழங்கால், வயிறு, கன்னம் எல்லாம் ஐஸில் ஒட்டிக் கிடந்தன. மேலேயும் போக ஏலாது, கீழேயும் போக ஏலாது. தொடைகள் என் சொல்லைக் கேட்காமல் நடுங்கின. அந்த நடுக்கத்திலேயே சறுக்கிவிடுவேனோ என்று பயந்தேன். கைப்பேசியை எடுக்க ஒரு கையை விட வேண்டியிருந்தது. விட்டு எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

“அத்தான், கால் முறிஞ்சு போச்சு” என்றது கீழிருந்து தவத்தின் குரல்.

“அசையாதை. ஆக்கள் வருவினம்” என்றேன்.

யார் வருவார்கள்? குழுவில் உள்ளவர்கள் நாங்கள் கார் பார்க்கிலேயே நின்றுவிட்டோம் என்று நினைப்பார்கள். கார் பார்க்கில் உள்ளவர் நாங்கள் குழுவோடு நிற்கிறோம் என்று நினைப்பார். ஊரைப் போன்ற பெரிய அந்த மலையில் நாங்கள் இந்த மூலையில் கிடக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தோம்? உதிலை. அந்த ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டு வந்திருந்தோம். அதை நினைத்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. அந்த மாதிரிப் பயம் எனக்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குளிரில் விரல்கள் என்னுடையவை அல்லாதவை ஆகிவிட்டன. தவம் முதலில் முனகிக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றது. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். “நித்திரை வருது அத்தான், கத்தாதேங்கோ” என்றான், ஏதோ வீட்டுக் கட்டிலில் கிடப்பவன் போல. அவன் செத்துப்போகப் போகிறான் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவனுடைய அக்காவான என் மனைவிக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தேன். மேகத்துக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

“தம்பி, எங்கை நிக்கிறீர்?”

முதலில் என் மூளைதான் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். வெஸ்ட் ஈலிங் வேலியில் கேட்கிற அதே குரல். மறுபடி கேட்டது.

“எங்கை நிக்கிறீர்? வடிவாச் சொல்லும்.”

வாழ்நாளில் முதல் முறையாக அவருடைய கேள்விக்கு எரிச்சல் இல்லாமல் பதில் சொன்னேன். “மதில் இடிஞ்ச இடத்துக்கு வலப்பக்கம், அக்கா. தண்ணி உறைஞ்ச இடத்துக்குக் கீழை. ஒரு பற்றையைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன். தவம் எனக்கு நேர கீழை, பெரிய கல்லோடை. கால் முறிஞ்சிட்டுது. நீங்கள் இங்காலை வராதேங்கோ, முழுக்க ஐஸ்.”

“அசையாதையும். வேரை விடாதையும். ஆக்கள் வருகினம்.” பிறகு குரலை உயர்த்தினார். “தவம், நீர் எங்கை நிக்கிறீர்?”

பதில் இல்லை.

“தவம், எங்கை நிக்கிறீர்?”

“கல்லடியிலை” என்று ஒரு முனகல் வந்தது.

“எந்தக் கல்லு? என்ன நிறம்? தலை எந்தப் பக்கம் கிடக்குது?”

அவர் விடவேயில்லை. மதில் இடிவில் இருந்தபடி, ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தவம் எரிச்சலோடு பதில் சொன்னான், ஒருமுறை ஏசவும் செய்தான். ஏசினாலும் கேட்டார். அவன் ஒரு நிமிடம் வாய் மூடினாலும் அவர் குரல் வந்துவிடும். சப்பாத்துக்கு இரும்பு முள் மாட்டிய சுவிஸ் அண்ணை தவழ்ந்து போய்த் தன் ஜாக்கெட்டால் அவனைப் போர்த்தும் வரைக்கும் கேட்டார். தலையில் விளக்குக் கட்டிய மீட்புக் குழுவினர் கயிறு கட்டி எங்களை இழுத்து எடுக்கும் வரைக்கும் கேட்டார். மதிலடிக்கு என்னைக் கொண்டுவந்து இருத்தியபோது பார்த்தேன். சப்பாத்துக்கு மேலே தடித்த கம்பளிக் காலுறைகளை இழுத்துவிட்டுக்கொண்டு, ஈரக் கல்லில் குந்தியிருந்தார். காலுறை ஐஸில் வழுக்காதாம். நோர்வேயில் கிழவிகள் அப்படித்தான் கடைக்குப் போவார்களாம். உதடெல்லாம் நடுங்கியது. இன்னும் சற்று விட்டால் எனக்கு முன் அவர்தான் மயங்கி விழுவார் என்று தோன்றியது.

நடந்ததைச் சுவிஸ் அண்ணை ஆஸ்பத்திரியில் சொன்னார். குழு இரண்டு மணிக்கு நாங்கள் இல்லாமல் திரும்பியதும் அக்கா எதிரே இருந்த தேநீர்க் கடைக்குள் ஓடியிருக்கிறார். அங்கே சுவரில் பெரிய மலை வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. தொலைபேசியில் பொலிஸ்காரர் எந்த இடம் என்று கேட்க, அண்ணை திணற, அக்கா வரைபடத்தில் அந்த மதிலின் முடிவில் விரலை வைத்திருக்கிறார். நாங்கள் சொல்லாததால் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தவத்தின் நீலத் தொப்பி மதில் ஓரம் ஏறி, இடிவுக்குள் புகுந்து, வலப்பக்கம் திரும்பி மேகத்துக்குள் மறையும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கிறார். “பேசி முடிச்ச பிறகும் விரலை எடுக்க மாட்டன் எண்டிட்டா. நான்தான் பிடிச்சு இழுத்து எடுத்தனான்” என்றார் அண்ணை.

லண்டனுக்குத் திரும்பும்போது மினிபஸ்ஸில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கேட்காமலே அவர் சொன்னார்.

“என்ரை மனிசன் மீன் பக்ரரியிலை வேலை. அங்கை எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையிலை மலைக்குப் போவினம், இவரும் பழகிட்டார். வெளிக்கிடேக்கை கேக்கக் கூடாது எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. அண்டைக்கு ஏனோ மனம் சரியில்லை, கேட்டிட்டன். உதிலை போட்டு வாறன் எண்டார். பொழுதுபட்ட பிறகு பொலிஸ் வந்து குசினி மேசையிலை மப்பை விரிச்சு, எந்தப் பக்கம் போனவர், விரலை வைச்சுக் காட்டு எண்டாங்கள்.” சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். “நான் விரலை எங்கை வைக்கிறது, தம்பி? உதிலை எண்டதை அவங்கடை பாசையிலை என்னெண்டு சொல்லுறது?”

பனி உருகின பிறகுதான் ஆளை எடுத்தார்களாம். வீட்டுக்குப் பின்னால் தெரிகிற சரிவில், சமையலறை ஜன்னலால் பார்க்கிற தூரத்தில்.

“உண்மையிலை உதிலை தான் கிடந்தவர்” என்றார் அக்கா.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பின் ஒழுங்கையால் போகவில்லை. என் மனைவி வேலியடிக்குப் போய் நின்று, “கடைக்குப் போறன் அக்கா, பால் வாங்கிக்கொண்டு உடனை வந்திடுவன்” என்று தானாகவே சொன்னாள். தவம் இன்றைக்கும் நொண்டுகிறான். தூரம் எங்கேயாவது கார் ஓடிப் போவதென்றால் எட்மண்டனில் இருந்து போன் எடுத்து அக்காவிடம் வழி சொல்லிவிட்டுத்தான் போவான். தெரு முழுக்க இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல ஏலாது. ஆனால் உப்புக்கு யாரும் எலுமிச்சம்பழம் வெட்டவில்லை.

நாலைந்து மாரி போன பிறகு அவருக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். சத்திரசிகிச்சை நாளன்று நானும் மனைவியும்தான் கூடப் போனோம். காலையில் அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு லிப்ற்றடிக்கு வந்தார்கள். வெள்ளைப் போர்வைக்குள் மிகவும் சின்ன ஆளாக இருந்தார். அந்த ஐஸில் கிடந்தபோது வந்த பயம் அப்படியே திரும்பி வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், அவரிடம் பழகிய பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“எங்கை போறியள், அக்கா?”

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். என் பயம் முழுவதும் அதில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளும் இல்லாத மாதிரி மெல்லச் சிரித்தார்.

“உதிலை தான், தம்பி. போட்டு வாறன்.”

எதிலை என்று கேட்க வாயெடுத்தேன். லிப்ற் கதவு மூடிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் காலை தெருவெல்லாம் உறைபனி. செத்தவீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்குமுன் அவருடைய பேசினை எடுத்துக்கொண்டு போய், அவர் வாசலுக்கு நான் உப்புப் போட்டேன்.